குழந்தைக்கு ஆப்பிரிக்க நாட்டுப்புறக் கதை: சிலந்தியா, ஆமையா, முயலா, யானை வயித்துக்குள்ள போன அம்மாவா, எதுல ஆரம்பிக்கலாம்?

பஞ்சதந்திரம், தெனாலிராமன், மரியாதைராமன் எல்லாம் ஒரு ரவுண்டு முடிஞ்சிருக்கும், குழந்தை "வேற கதை சொல்லு"ன்னு உக்காந்திருக்கும், ஆப்பிரிக்கக் கதைங்க நல்லா இருக்கும்னு யாரோ சொல்லியிருப்பாங்க, சரின்னு தேடினா மலை மாதிரி வந்து கொட்டும், அதுல எதை எடுக்கறதுன்னு தெரியாது. எங்க ஏரியா லைப்ரரில பசங்களுக்கு கதை சொல்றப்போ கூட வர்ற அம்மா அப்பாங்க என்கிட்ட அதிகமா கேக்கறது இதைத்தான். நானும் இந்தக் கதைங்களை ரொம்ப வருஷமா வீட்லயும் வெளியிலயும் சொல்லிட்டு வர்றேன், அதனால எனக்கு ஒரு தெளிவான அபிப்பிராயம் இருக்கு, அதை காரணத்தோட எழுதறேன், உங்க குழந்தை வயசுக்கும் குணத்துக்கும் பொருத்திப் பாத்துக்கங்க.

முதல்ல, எதை வச்சு ஒப்பிடறேன்னு சொல்லிடறேன். நீதி என்ன, படம் அழகா இருக்கா, இதெல்லாம் எனக்கு அப்புறம்தான். நான் பாக்கற முதல் விஷயம், கதைக்குள்ள குழந்தையோட குரலுக்கு இடம் இருக்கா. ஏன்னா இந்தக் கதைங்க பெரும்பாலும் ஒருத்தர் பேச மத்தவங்க சும்மா கேக்கற கதைங்களே இல்ல. நைஜீரியால யோருபா மக்கள் கிட்ட கதை சொல்றவர் "ஆலோ ஓ!"ன்னு குரல் குடுப்பார், பசங்க "ஆலோ!"ன்னு பதில் குடுத்தாத்தான் கதை ஆரம்பிக்கும். கென்யா, தான்சானியா பக்கம் ஸ்வாஹிலில சொல்றவர் "பௌக்வா!"ன்னா கேக்கறவங்க "பகாவா!". தென்னாப்பிரிக்கால ஜூலு பாட்டி "க்வேசுகேசுகேலா"ன்னு ஆரம்பிச்சா பசங்க ஒரு சின்ன வார்த்தையால பதில் சொல்வாங்க, அந்த வார்த்தையோட முதல் சத்தம் நாம உச்சுக் கொட்டுவோமே, கிட்டத்தட்ட அதே சத்தம், நம்ம பசங்க அதை உடனே பிடிச்சுக்கறாங்க. நடுவுல பாட்டு வரும், பாட்டுல பதில் வரி கூட்டத்துக்கு. நம்ம வீடுகள்ல 'ம்' கொட்டி கதை கேக்கற பழக்கம் இருக்கறதால இது நமக்கு அந்நியமாவே இருக்காது, ஆனா அங்க 'ம்'முக்கு மேல ஒரு படி போய் பாதி கதையை கேக்கறவங்க கைல குடுத்துடறாங்க. இதை விட்டுட்டு வெறும் கதைச் சுருக்கத்தை மட்டும் வாசிச்சா பாதி உயிர் போயிடும். அதனாலதான் இதை முதல் அளவுகோலா வச்சிருக்கேன்.

ரெண்டாவது, பயம். எந்தக் கதைல எவ்ளோ பயம், எந்த வயசு தாங்கும். மூணாவது, கதை புரிய நாம எவ்ளோ விளக்கம் குடுக்க வேண்டியிருக்கும், ஏன்னா ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி விளக்கினா எந்தக் குழந்தையும் தூங்கிடும், இல்லன்னா ஓடிடும்.

மூணு நாலு வயசுக் குழந்தைன்னா யோசிக்கவே வேண்டாம், சூரியனும் நிலாவும் ஏன் வானத்துக்குப் போனாங்கங்கிற கதைல ஆரம்பிங்க. தெற்கு நைஜீரியால காலபார் பக்கம் இருக்கற எஃபிக், இபிபியோ மக்களோட கதை இது, அங்க பிரிட்டிஷ் அதிகாரியா இருந்த டேரல் 1910-ல அச்சுல கொண்டுவந்த தொகுப்புல இருக்கு. சூரியனும் தண்ணியும் பூமியில நண்பர்கள். சூரியன் எப்பவும் தண்ணி வீட்டுக்குப் போவான், தண்ணி மட்டும் வரவே வராது. ஏன்டான்னு கேட்டா, என் கூட என் ஜனங்க எல்லாரும் வருவாங்க, உன் வீடு பத்தாது, பெருசா கட்டு, அப்புறம் வர்றேன்னு சொல்லுது. சூரியன் பெரிய வீடா கட்றான், அவன் மனைவி நிலா வாசல்ல நிக்கிறா. தண்ணி வந்து "உள்ள வரலாமா"ன்னு கேக்குது, "வா வா"ங்கிறான். மீனு, நண்டு எல்லாம் சேந்து உள்ள வருது, முழங்கால் அளவு. "இன்னும் வரலாமா?" "வா வா." ஆள் தலை உயரம். "இன்னும் வரலாமா?" "வா வா." சூரியனும் நிலாவும் கூரை மேல ஏறி உக்காந்துக்கறாங்க, தண்ணி கூரைக்கு மேலயும் போகுது, வேற வழியில்லாம வானத்துக்குப் போயிடறாங்க.

இதுல கெட்டவன் யாரும் இல்ல, அடி உதை இல்ல, விளக்க வேண்டிய வார்த்தை ஒண்ணு கூட இல்ல. "வா வா" முழுக்க குழந்தையோட டயலாக். தண்ணி முழங்கால்ல இருக்கறப்போ குழந்தையோட முழங்காலைத் தொடுங்க, அப்புறம் இடுப்பு, கழுத்து, தலை, கடைசில கட்டில் மேல ஏத்தி நிக்க வைங்க. ரெண்டாவது தடவைல இருந்து அவங்களே "இன்னும் வரலாமா"ன்னு கேக்க ஆரம்பிச்சிடுவாங்க, நீங்க சூரியனாயிடுவீங்க. ஒரே குறை என்னன்னா இது ரொம்பச் சின்னக் கதை, ஆறு ஏழு வயசானவங்களுக்கு "அவ்ளோதானா"ன்னு இருக்கும்.

அந்த வயசுக்கு ஆமைதான் என்னோட சாய்ஸ், இதுல எனக்கு சந்தேகமே இல்ல. யோருபா கதைகள்ல அவன் பேரு இஜாபா, மனைவி யன்னிபோ. பக்கத்துல இக்போ மக்கள் கதைகள்ல அவன் ம்பே. பேராசைக்காரன், சோம்பேறி, வாய் மட்டும் பெருசு, ஆனா ஊர்ல இருக்கற எல்லாரையும் பேசியே மடக்கிடுவான், கடைசில பெரும்பாலும் மாட்டிப்பான்.

யன்னிபோவுக்குக் குழந்தை இல்ல. இஜாபா வைத்தியர்கிட்ட போறான், அவர் யோருபா மரபுல குறி சொல்லி மருந்தும் குடுக்கற ஆள், பாபலாவோன்னு பேரு. அவர் ஒரு மருந்துக் குழம்பு வச்சுக் குடுத்து, இது உன் பொண்டாட்டிக்கு மட்டும், நீ வாயில வைக்கக் கூடாதுன்னு சொல்லி அனுப்பறார். வழி முழுக்க வாசனை தூக்குது. கொஞ்சம் தொட்டுப் பாக்கலாமேன்னு ஆரம்பிச்சு மொத்தத்தையும் வழிச்சு நக்கிடறான். வயிறு வீங்குது, வீங்கிக்கிட்டே போகுது. பயந்துபோய் வைத்தியர் வீட்டுக்குத் திரும்ப ஓடறான், ஓடறப்போ ஒரு பாட்டு பாடறான்: வைத்தியரே உங்ககிட்ட கெஞ்ச வந்திருக்கேன், வேர் தடுக்கி விழுந்துட்டேன், குழம்பு கைல பட்டுது, கை வாயில பட்டுது, குனிஞ்சு பாத்தா வயிறு இவ்ளோ பெருசா இருக்குன்னு. ஒவ்வொரு வரி முடியறப்பவும் கேக்கறவங்க "அலுக்பின்ரின்"னு ஒரே குரல்ல பாடணும். யோருபா வீடுகள்ல வளந்தவங்க நிறைய பேருக்கு இந்தப் பாட்டு மனப்பாடமா தெரியும், யூட்யூப்ல தேடினா பசங்க பாடறதே கிடைக்கும், ட்யூனைக் கேட்டு வச்சுக்கிட்டா போதும், வரிகளை தமிழ்ல நீங்களே போட்டுக்கலாம், அந்தப் பதில் வார்த்தையை மட்டும் அப்படியே வச்சுக்கங்க.

இந்தப் பாட்டைப் பாடறப்போ பசங்க முகத்தைப் பாக்கணும். இஜாபா பொய் சொல்றான்னு அவங்களுக்குத் தெரியும், அவன் குழம்பைக் குடிச்சதை அவங்க கண்ணால பாத்தாச்சு, இருந்தாலும் அவனோட பொய்ப் பாட்டுக்கு அவங்கதான் கோரஸ் பாடறாங்க. "கால் தடுக்கி விழுந்துட்டேன்"னு நான் பாடற இடத்துல ஏழு வயசுப் பசங்க சிரிச்சுக்கிட்டே "அலுக்பின்ரின்" சொல்றதை நிறைய தடவை பாத்திருக்கேன், அதே வயசுல அவங்க வீட்ல பாட்டில் உடைஞ்சா சொல்ற காரணமும் கிட்டத்தட்ட அதுதானே. பொய் சொல்லாதேன்னு தனியா சொல்ல வேண்டிய அவசியமே இல்லாம போயிடுது. முடிவு சொல்றவங்களைப் பொறுத்து மாறும், வைத்தியர் மனசிரங்கி சரி பண்ற முடிவும் உண்டு, இரங்காத முடிவும் உண்டு, சின்னக் குழந்தைன்னா முதலாவதை எடுத்துக்கங்க. ஆமைக்கு ஏன் வயிறு வந்துச்சு, குழந்தை எப்படி வரும்னு கேள்வி கண்டிப்பா வரும், அதுக்கு மட்டும் உங்க வீட்டு வழக்கப்படி ஒரு பதிலை தயாரா வச்சுக்கங்க.

இக்போ ஆமைக் கதைல இன்னொண்ணு இன்னும் பெருசு. பஞ்சம், ஆமைக்கு சாப்பாடு இல்ல, பறவைங்களை மட்டும் வானத்துல விருந்துக்கு கூப்பிட்டிருக்காங்க. நானும் வர்றேன்னு கெஞ்சி ஆளுக்கு ஒரு இறகு வாங்கி இறக்கை செஞ்சுக்கறான். விருந்துக்குப் போறப்போ எல்லாரும் புதுப் பேர் வச்சுக்கணும்னு சொல்லி, தனக்கு 'நீங்க எல்லாரும்'னு பேர் வச்சுக்கறான். அங்க சாப்பாடு வந்ததும் இது யாருக்குன்னு கேக்கறான், "உங்க எல்லாருக்கும்தான்"னு சொல்றாங்க, அவ்ளோதான், முழுசா அவனே சாப்பிட்டுடறான். கடுப்பான பறவைங்க இறகை எல்லாம் திருப்பி வாங்கிக்கிட்டுப் பறந்துடுது. கிளிகிட்ட, என் பொண்டாட்டிகிட்ட சொல்லி வீட்ல இருக்கற மெத்துமெத்துன்னு இருக்கற சாமானை எல்லாம் வெளில போடச் சொல்லுன்னு அனுப்பறான், கிளி போய் கெட்டிச் சாமானை எல்லாம் போடச் சொல்லிடுது. மண்வெட்டி, கத்தி, ஈட்டி மேல விழுந்து ஓடு சுக்குநூறா உடையுது, வைத்தியர் ஒட்டி வைக்கிறார், அதனாலதான் ஆமை ஓட்ல கோடு கோடா இருக்கு. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்செபே 1958-ல வந்த தன்னோட முதல் நாவலுக்குள்ள ஒரு அம்மா தன் மகளுக்கு சொல்ற கதையா இதை வச்சிருக்கார். தமிழ்ல இந்தப் பேர் ஏமாத்து வேலை கொஞ்சம் கூட பிசகாம உக்காருது, அதனால இதை வாயால சொல்றது சுலபம். ஆமைக்கு அடிபட்டாலும் பொழைச்சுக்கறான், குழந்தைங்க ராத்திரி அதை நினைச்சு அழறதில்ல.

அப்புறம், எல்லாருக்கும் தெரிஞ்ச அனான்சி சிலந்தி. கானாவோட அஷாந்தி மக்கள், பொதுவா அகான் மொழி பேசறவங்க கிட்ட இருந்து வந்தவன். அங்க எல்லாக் கதைக்குமே சிலந்திக் கதைன்னுதான் பேரு, அவன் இல்லாத கதைக்கும் கூட. அடிமைக் கப்பல்ல ஏத்தப்பட்ட மக்களோட அட்லாண்டிக் கடந்து ஜமைக்கா, சுரிநாம் வரைக்கும் போயிருக்கான், கையில எதையும் எடுத்துட்டுப் போக முடியாத மக்கள் கொண்டு போனது இவனைத்தான், பெரியவனை சின்னவன் புத்தியால ஜெயிக்கற கதை அவங்களுக்கு அங்க எவ்ளோ தேவையா இருந்திருக்கும்னு யோசிச்சா நெஞ்சு அடைக்கும். படப் புத்தகம்னு தேடினாலும் அதிகமா கிடைக்கறது இவன்தான். அதனால நிறைய பேர் இவன்லயே ஆரம்பிக்கறாங்க. நான் ஏன் ஆமைக்கு அடுத்ததா வைக்கிறேன்னு சொல்றேன்.

அனான்சியோட பெரிய கதை, வானக் கடவுள் ந்யாமே கிட்ட இருந்து கதைகளை விலைக்கு வாங்கறது. விலை என்னன்னா மலைப்பாம்பு, குளவிக் கூட்டம், சிறுத்தை, கண்ணுக்குத் தெரியாத குட்டி தேவதை, இதுங்களை உயிரோட பிடிச்சுட்டு வரணும். மனைவி அசோ தான் ஐடியா குடுக்கறா. பாம்பு முன்னாடி போய் நீ நீளமா இந்தக் குச்சி நீளமான்னு பேச்சு குடுத்து குச்சியோட கட்டிடறான். குளவிங்க மேல தண்ணிய ஊத்தி, மழை வந்துடுச்சு, வாங்க இந்த சுரைக்குடுக்கைக்குள்ள ஒதுங்குங்கன்னு கூப்பிட்டு வாயை அடைச்சிடறான். சிறுத்தைக்கு குழி. தேவதைக்கு பிசின் தடவின பொம்மை. நல்ல கதை, அபாரமான கதை, ஆனா நாலு தந்திரமும் நாலு தனிக் கதை மாதிரி, ஒரே ராத்திரில ஆறு வயசுக் குழந்தையால தொடர்ந்து வர முடியாது. எட்டு வயசுல நாலு ராத்திரியா பிரிச்சு சொன்னா ஓஹோன்னு இருக்கும். இன்னொரு விஷயம், அனான்சி ஜெயிச்சுட்டே இருக்கான். ஏமாத்தறவன் பல கதைகள்ல பரிசோட போறான், சின்னக் குழந்தை அவனை ஹீரோவாத்தான் எடுத்துக்கும். ஆமை மாட்டிக்கறதால சிரிப்பு, அனான்சி தப்பிக்கறதால ஆச்சரியம், இந்த ரெண்டாவது ருசி கொஞ்சம் வளந்த பிறகுதான் நாக்குல பிடிபடும்.

விதிவிலக்கா ஒரு அனான்சி கதை சின்னவங்களுக்கும் நல்லா இருக்கும். உலகத்துல இருக்கற அறிவை எல்லாம் ஒரு பானைல அடைச்சு மரத்து உச்சியில ஒளிக்கப் போறான், பானையை வயித்துப் பக்கம் கட்டிக்கிட்டு ஏறறான், வழுக்குது, வழுக்குது. கீழ நிக்கற அவன் மகன் ந்டிகுமா, "அப்பா, முதுகுல கட்டிக்கிட்டு ஏறலாமே"ங்கிறான். எல்லா அறிவும் என்கிட்டதான் இருக்குன்னு நினைச்சவனுக்கு சின்னப் பையன் ஒருத்தன் சொல்லித் தர்றான்! கோவத்துல பானை கீழ விழுந்து உடைஞ்சு அறிவு எல்லாருக்கும் போயிடுது. பெரியவங்களைத் திருத்தற கதைன்னா குழந்தைங்களுக்கு எவ்ளோ பிடிக்கும்னு உங்களுக்கே தெரியும்.

முயலைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். கிழக்கு, மத்திய, தெற்கு ஆப்பிரிக்கால பெரிய தந்திரசாலி முயல்தான், ஸ்வாஹிலில சுங்குரா, மலாவி ஜாம்பியா பக்கம் கலுலு, ஜிம்பாப்வேல ஷோனா மக்கள் கிட்ட ட்சுரோ, மேற்கே செனகல்ல வோலோஃப் கதைகள்ல லெயுக். நம்ம பசங்க சிங்கத்தைக் கிணத்துல தள்ளின முயலை ஏற்கனவே பாத்திருக்கறதால சட்டுன்னு ஒட்டிப்பாங்க, பயமும் இல்ல, விளக்கமும் வேண்டாம். யானைகிட்ட ஒரு கயித்து முனை, நீர்யானைகிட்ட மறுமுனை, நடுவுல புதர், ரெண்டு பேர்கிட்டயும் "நான்தான் இழுக்கறேன்"னு சொல்லிட்டு முயல் ஒளிஞ்சு உக்காந்திருக்கற கதையை ஒரு பழைய புடவையை வச்சு நடிச்சே காட்டிடலாம், பிறந்தநாள் பார்ட்டில பத்து பசங்களை வச்சு சொல்லணும்னா இதுக்கு ஈடு கிடையாது. ஆனா குழந்தைக்கு புது உலகம் ஒண்ணைக் காட்டணும்ங்கிற ஆசைல நீங்க ஆப்பிரிக்கக் கதைக்கு வந்திருந்தா, முயல் அந்த வேலையை கம்மியாத்தான் செய்யும், ரொம்பப் பழகின மாதிரியே இருக்கும்.

பழகின மாதிரி இருக்கறதுக்கு சில சமயம் நிஜமாவே காரணம் உண்டு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரைல இருக்கற ஜான்சிபார் தீவுல எட்வர்ட் ஸ்டீர்ங்கிற பாதிரியார் கேட்டு 1870-ல வெளியிட்ட ஸ்வாஹிலிக் கதைகள்ல, ஒரு சுறா குரங்கை முதுகுல ஏத்திக்கிட்டுப் போகும், நடுக்கடல்ல எங்க சுல்தானுக்கு மருந்துக்கு உன் இதயம் வேணும்னு சொல்லும், குரங்கு உடனே இதயத்தை மரத்துலயே விட்டுட்டு வந்துட்டேனேங்கும். நம்ம முதலைக் கதையேதான், முதலை இடத்துல சுறா. பஞ்சதந்திரம் பாரசீகம் போய் 8-ம் நூற்றாண்டுல அரபில 'கலீலா வ திம்னா'வா மாறி ஊரெல்லாம் பரவினது, இந்தப் பக்கத்துக்கும் அந்தக் கரைக்கும் நடுவுல காலங்காலமா கப்பல் போய் வந்தது, இதெல்லாம் தெரிஞ்ச எட்டு பத்து வயசுக் குழந்தைகிட்ட ரெண்டு கதையையும் அடுத்தடுத்து சொல்லி மேப்பைக் காட்டுங்க, அது ஒரு தனி சந்தோஷம்.

இப்போ தெற்குக்கு வருவோம், இங்கதான் நிறைய பேர் பயந்து ஒதுங்கறாங்க, ஆனா எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமானது இந்தக் கதைங்கதான். ஜூலு, கோசா பாட்டிங்க சொன்ன கதைகள்ல மனுஷனைத் தின்னுற ராட்சசங்க வருவாங்க, குழந்தைங்க முழுங்கப்படுவாங்க. பகல்ல கதை சொன்னா தலைல கொம்பு முளைக்கும்னு அங்க சொல்லுவாங்க, அதனால எல்லாம் ராத்திரிக் கதை, இருட்டுக்குன்னே செஞ்ச கதை.

கால்லவேங்கிற பாதிரியார் 1868-ல ஜூலுவும் இங்கிலீஷும் பக்கத்துல பக்கத்துல வச்சு அச்சடிச்ச தொகுப்புல உனனானா-போசெலேன்னு ஒரு அம்மா வர்றா. வழி நடுவுலயே வீடு கட்டிக்கிட்டு வாழற தைரியசாலி. விறகு பொறுக்கப் போயிருக்கறப்போ ஒத்தைக் கொம்பு யானை வந்து அவ குழந்தைங்க ரெண்டையும் முழுங்கிட்டுப் போயிடுது. அவ அழுதுட்டு உக்காரல. கத்தியை எடுத்துக்கிட்டுக் கிளம்பறா, வழில பாக்கற ஒவ்வொரு மிருகத்துகிட்டயும் யானை எங்கன்னு கேக்கறா, ஒவ்வொண்ணும் "இன்னும் போ, உயர மரமும் வெள்ளைக் கல்லும் இருக்கற இடத்துக்குப் போ"ங்குது. கடைசில யானை அவளையும் முழுங்குது. உள்ள பாத்தா பெரிய காடு, ஆறு, மலை, பாறை, ஊர் ஊரா ஜனங்க, மாடு, நாய் எல்லாம் இருக்கு, அவ குழந்தைங்களும் அங்கதான் உக்காந்திருக்காங்க. சாப்பிட்டீங்களான்னு கேக்கறா, ஒண்ணும் சாப்பிடல, சும்மா படுத்துக் கிடந்தோம்ங்கிறாங்க. சுத்தி இவ்ளோ இறைச்சி இருக்கே, ஏன் சுட்டுச் சாப்பிடலன்னு கேட்டு நெருப்பை மூட்டி யானையோட ஈரலையே வெட்டிச் சுட்டுக் குடுக்கறா. வெளில யானை, அந்தம்மாவை முழுங்கினதுல இருந்து வயிறு சரியில்லன்னு மத்த யானைங்ககிட்ட முனகுது, அப்புறம் செத்துப் போகுது. அவ விலாவை வெட்டி வழி பண்றா. முதல்ல மாடு வெளில வந்து "ம்மா, ஒருவழியா ஊரைப் பாத்துட்டோம்"ங்குது, ஆடு வந்து "மே, ஒருவழியா ஊரைப் பாத்துட்டோம்"ங்குது, நாய், அப்புறம் ஜனங்க சிரிச்சுக்கிட்டே வர்றாங்க.

கடைசி இடத்துல ஒவ்வொரு மிருகமா குழந்தைங்களையே வெளில வரச் சொல்லுங்க, போர்வைக்குள்ள இருந்து ஒவ்வொருத்தரா வந்து அவங்கவங்க சத்தத்தைப் போட்டு "ஒருவழியா ஊரைப் பாத்துட்டோம்"னு கத்தணும். லைப்ரரில இதைச் சொன்னா பூனை, ஒட்டகம், ஆட்டோன்னு என்னென்னமோ யானை வயித்துல இருந்து வரும், நான் எதையும் தடுக்கறதில்ல. அம்மா தேடிக்கிட்டு வருவா, எங்க இருந்தாலும் வருவாங்கிற தைரியம் இந்தக் கதைல இருக்கற மாதிரி வேற எதுலயும் நான் பாக்கல. அஞ்சு வயசுக்குக் கீழ வேண்டாம். ஆறு வயசுல, அம்மாவை விட்டுத் தூங்க பயப்படற குழந்தைக்கு தாராளமா சொல்லலாம், முழுங்கற இடத்தை இழுக்காம சட்டுன்னு தாண்டி, உள்ள இருக்கற காடு ஆறை விஸ்தாரமா சொல்லுங்க.

கோசா மக்களோட டெமானே, டெமசானா கதை இதைவிட ஒரு படி கடுமை. அண்ணனும் தங்கையும் குகைல இருக்காங்க, அண்ணன் வந்து பாட்டு பாடினாத்தான் தங்கை கதவு திறப்பா, ராட்சசன் அதே குரல்ல பாடக் கத்துக்கிட்டு வந்து அவளைப் பையில போட்டுத் தூக்கிட்டுப் போறான், அண்ணன் தங்கையை எடுத்துட்டு பையில தேனீயை நிரப்பி வைக்கிறான். பாட்டு இருக்கு, ரெண்டு குரல்ல பாடலாம், அப்பாவோட கட்டைக் குரல்ல ராட்சசன் பாடினா சின்னவங்க நிஜமாவே அலறுவாங்க. எட்டு வயசுக்கு மேலயே வச்சுக்கங்க.

இன்னும் ஒண்ணு, தூங்கறதுக்கு முன்னாடி கடைசியா சொல்ற சின்னக் கதை வேணும்னா, தெற்கு ஆப்பிரிக்காவோட பழங்குடிகளான சான் மக்கள்ல ஒரு பிரிவோட நட்சத்திரக் கதை. 1870-கள்ல கேப்டவுன்ல மொழி ஆராய்ச்சி செஞ்ச ப்ளீக்கும் லூசி லாய்டும் அந்த மக்கள் வாயாலயே கேட்டு நோட்டு நோட்டா எழுதி வச்சாங்க, 1911-ல புத்தகமா வந்தது, அந்த மொழியை இன்னைக்குப் பேச ஆளே இல்ல. ஒரு பொண்ணு அடுப்புச் சாம்பலை அள்ளி வானத்துல வீசறா, அது பால்வீதி ஆயிடுது, ராத்திரில வீடு திரும்பறவங்களுக்கு அதுதான் வெளிச்சம். கிழங்கையும் தூக்கி எறியறா, அது நட்சத்திரங்க. சந்தடியில்லாத கதை, கோரஸ் இல்ல, மொட்டை மாடி இருந்தா போதும்.

எங்க இருந்து எடுக்கறதுங்கறதுலயும் ஒரு முடிவு எடுக்கணும். தமிழ்ல ரெடியா வேணும்னா பெங்களூர் பிரதம் புக்ஸ் 2015-ல ஆரம்பிச்ச ஸ்டோரிவீவர் தளம் இருக்கு, இலவசம், டவுன்லோட் பண்ணி ப்ரின்ட் எடுத்துக்கலாம், நாலு லெவலா பிரிச்சிருக்காங்க. தென்னாப்பிரிக்கால இருந்து நடக்கற ஆப்பிரிக்கன் ஸ்டோரிபுக் திட்டத்தோட கதைங்களும் அங்க தமிழ்ல கிடைக்குது. ஆனா அதுல நிறைய இன்னைக்கு அங்க இருக்கற டீச்சர்ங்க புதுசா எழுதின பள்ளிக்கூட, வீட்டுக் கதைங்க, நல்ல கதைங்கதான், நாட்டுப்புறக் கதைன்னு நினைச்சு எடுக்காதீங்க. கதை முடிவுல பாரம்பரியக் கதைன்னு குறிப்பு இருக்கான்னு பாத்துக்கங்க.

பழைய தொகுப்புங்க, கால்லவே, டேரல், 1930-ல அஷாந்திக் கதைகளை மூல மொழியோட சேத்து வெளியிட்ட ராட்ரே, இதெல்லாம் நெட்ல ஸ்கேனா கிடைக்கும். மொழி பழசு, எழுதினவங்க காலனி ஆட்சிக்காரங்க, சில இடத்துல அவங்க பார்வை நம்மளைச் சங்கடப்படுத்தும், குழந்தை கைல அப்படியே குடுக்க முடியாது. ஆனா நீங்க படிச்சு உங்க வாயால சொல்லணும்னா இதுக்கு மேல நம்பகமான இடம் இல்ல, ஏன்னா படப் புத்தகங்கள்ல கழுவித் துடைச்ச இடமெல்லாம் இதுல அப்படியே இருக்கும். உதாரணத்துக்கு, ராட்ரே கேட்ட அனான்சி கதைல அவன் கேட்ட விலைக்கு மேல தன்னோட வயசான அம்மாவையும் சேத்து வானக் கடவுளுக்குக் குடுத்துடறான்! பத்து வயசுப் பொண்ணுகிட்ட இதைச் சொல்லிப் பாருங்க, ஒரு மணி நேரம் சண்டை போடுவா.

வாட்ஸ்அப்ல, ரீல்ஸ்ல 'ஆப்பிரிக்கக் கதை'ன்னு மட்டும் போட்டு வர்றதுல பாதிய நான் தொடறதே இல்ல. எந்த நாடு, எந்த மக்கள்னு இல்லாம ஒரு சிங்கமும் ஒரு ஞானி தாத்தாவும் கடைசில ஒரு தத்துவமும் இருந்தா, அதை யாரோ உக்காந்து டைப் பண்ணியிருக்க வாய்ப்பு அதிகம். மக்கள் பேரு இருக்கற கதையா எடுங்க, சொல்றப்பவும் அந்தப் பேரோட சொல்லுங்க, "இது கானால அஷாந்தி பாட்டிங்க சொன்ன கதை"ன்னு. குழந்தைங்க அதை மறக்கறதே இல்ல, அடுத்த வாரம் வந்து "ஆமை ஊர்க் கதை வேணும், சிலந்தி ஊர்க் கதை வேண்டாம்"னு கேப்பாங்க.

அதனால என்னோட வரிசை இதுதான்: மூணுல இருந்து அஞ்சு வயசுக்கு சூரியனும் தண்ணியும், அஞ்சு ஆறுல முயலும் அனான்சி பானையும், ஆறு வயசு தாண்டினதும் இஜாபா பாட்டும் இக்போ ஆமையும், கூடவே உனனானா-போசெலே, எட்டுக்கு மேல அனான்சி வாங்கின கதைங்க, டெமானே. மாலி நாட்டோட சுன்ஜாட்டா மாதிரி பெரிய வீரகாவியங்களை பத்து வயசுக்கு அப்புறம் பாத்துக்கலாம். ஒரே ஒரு கதைக்குத்தான் நேரம்னா அலுக்பின்ரின்.

வீட்ல ரெண்டு குழந்தைங்க வேற வேற வயசுல இருந்தா எதை எடுக்கறதுன்னும் கேக்கறாங்க. அப்பவும் இஜாபாதான். பெரியவனுக்கு ட்யூனைச் சொல்லிக்குடுத்து ஆமையோட வரிகளை அவன்கிட்ட விட்டுடுங்க, ஒவ்வொரு தடவையும் புதுப்புதுப் பொய்யா அவனே கட்டட்டும், சின்னவளுக்கு அந்த ஒரு பதில் வார்த்தை போதும், நீங்க குழம்புச் சட்டியைப் பிடிச்சுக்கிட்டு வைத்தியரா உக்காந்துக்கங்க.